பௌர்ணமியன்று மான் வருமா?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி வாரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வரும். முன்பு ஒரே அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தம்பி. எனக்கு நான்கு ஆண்டுகள் கழித்து வேட்டைக்கு வந்தவன். இந்த முறையும் அதே கேள்விதான்.

"அண்ணா, நவம்பர் அஞ்சு பௌர்ணமி. இந்த வருஷத்துலயே பெரிய நிலாவாம். வேட்டை ஆப்ல அந்த வாரம் முழுக்க சிவப்பா, போகாதேன்னு இருக்கு. லீவை பன்னெண்டாம் தேதிக்கு மாத்திடட்டுமா?"

"மாத்தாதே. அஞ்சாம் தேதியே வா" என்றேன்.

"பௌர்ணமின்னா மான் ராத்திரி பூரா மேய்ஞ்சுட்டு பகல்ல படுத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், சொன்னேன். 2020-இல் அவனைக் காட்டுக்குள் கூட்டிப்போன முதல் நாளே சொன்னேன். அப்போது அதை முழுக்க நம்பினேன். அவனுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்ததைத் திருத்தும் கடமை எனக்கு உண்டு. தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பேசுவது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லைசென்ஸ் எடுத்து, பருவகாலத்தில் ஆடும் வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே கதை வேறு. 1900 வாக்கில் இந்த மாநிலத்தில் மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் (பூமா) அதற்கு முன்பே போய்விட்டன. இன்று மான் மிகுந்து, முளைக்கிற ஓக் கன்றுகளை எல்லாம் தின்று தீர்ப்பதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாத இடங்கள் இருக்கின்றன. பெண் மானுக்குத் தனி அனுமதிச் சீட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனைதான் என்ற கணக்கு, சுட்டதைப் பதிவு செய்யும் கட்டாயம் எல்லாம் உண்டு. இறைச்சியை விற்க முடியாது. ஓர் ஆண்டின் இறைச்சியில் பெரும்பகுதி எங்கள் வீட்டு உறைபெட்டிக்கு இந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. இதை ஏற்க முடியாதவர்கள் இருப்பீர்கள், உங்களோடு வாதாட இந்தப் பதிவை எழுதவில்லை.

சரி, நிலாவுக்கு வருவோம்.

எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து நிலத்துக்காரர், எழுபதைத் தாண்டிய பெரியவர். அவருடைய கொட்டகைச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் சின்ன நிலாப் படம், அதன் கீழே நான்கு நேரங்கள். இரண்டு தடித்த எழுத்தில், இரண்டு மெல்லிய எழுத்தில். அதைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல நேரம் கெட்ட நேரம் போட்ட காலண்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாக நம்பினேன் என்றும் இப்போது தோன்றுகிறது.

அந்த அட்டவணையின் மூலவர் ஜான் ஆல்டன் நைட். 1926 வாக்கில், மீன்பிடிப்பவர்களிடையே வழிவழியாக வந்த நம்பிக்கைகளைத் திரட்டி, சூரியனும் சந்திரனும் சேர்ந்து விலங்குகளின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஒரு கோட்பாடு கட்டினார். 'சோலுனார்' என்று பெயர் வைத்தார். 1936 முதல் அட்டவணைகள் வெளிவரத் தொடங்கின. நிலா உச்சியில் இருக்கும் நேரமும், நம் காலுக்கு நேர் கீழே பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் நேரமும் 'பெரிய வேளை'. அவை ஏறத்தாழ 2 மணி நேரம் நீடிக்கும். நிலா உதிப்பதும் மறைவதும் 'சிறிய வேளை', ஏறத்தாழ 1 மணி நேரம். இன்றைக்குக் கைபேசியில் நட்சத்திரமும் பச்சை சிவப்பும் காட்டுகிற வேட்டைச் செயலிகள் பலவற்றின் அடியில் ஓடுவது இதே கணக்குதான்.

என் முதல் சில பருவங்கள் இந்த அட்டவணைப்படியே ஓடின. ஆண்டுக்கு ஆறேழு நாள்தான் விடுப்பு மிச்சப்படுத்த முடியும். அந்த நாள்களைச் சிவப்பில் போய்ச் செலவழிக்க மனம் வராது. மான் இரவிலேயே மேய்ந்துவிடும் என்று நம்பி, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிடுவேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் போன நாள், திதி, உட்கார்ந்த நேரம், கண்ட மான் என்று எழுதிவைப்பேன். அட்டவணை சொன்ன வேளையில் மான் வந்தால் பக்கத்தில் ஒரு டிக். பக்கம் பக்கமாக டிக் விழுந்தது. பெருமையாக இருந்தது.

அந்த டிக்குகள் எப்படி விழுந்தன என்று யோசிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. யோசித்தபோது கண்டுபிடித்தது எளிய கணக்கு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. ஆக, ஒரு 'நிலா நாள்' என்பது 24 மணி 50 நிமிடம். அதற்குள் உதயம், உச்சி, மறைவு, கீழ் உச்சி என்று நான்கு வேளைகள். நான்கால் வகுத்தால் தோராயமாக ஆறேகால் மணி நேரத்துக்கு ஒன்று. பருவத்துக்கும் இடத்துக்கும் தகுந்தபடி இடைவெளி கூடும் குறையும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். பெரிய வேளைக்கு இரண்டு மணி, சிறியதற்கு ஒரு மணி என்று அகலத்தையும் கழித்துவிட்டால், ஒரு வேளை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள வெற்றிடம் நாலே முக்கால் மணி நேரம்கூட வராது. காலையில் இருட்டோடு பரணில் ஏறி ஐந்து மணி நேரம் உட்காருகிறவனை ஏதாவது ஒரு 'வேளை' தொட்டே தீரும். தொடும்போது மான் வந்தால் டிக். தொடாதபோது வந்தால், "வேளைக்குச் சற்று முன்னால் கிளம்பியிருக்கிறது" என்று அதற்கும் டிக். நான் அப்படித்தான் போட்டிருந்தேன்.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும்போது உதித்து, சூரியன் உதிக்கும்போது மறையும். அமாவாசையன்று சூரியனோடு சேர்ந்தே உதித்துச் சேர்ந்தே மறையும். ஆக இரண்டு நாள்களிலும் 'சிறிய வேளை' சரியாக விடியலிலும் அந்தியிலும் விழுகிறது. வளர்பிறை அஷ்டமியிலும் தேய்பிறை அஷ்டமியிலும் நிலா உச்சியிலோ கீழ் உச்சியிலோ இருப்பது விடியலிலும் அந்தியிலும்தான். அப்போது 'பெரிய வேளை' அங்கே விழுகிறது. மாதத்தில் நான்கு முறை இப்படி நிலாவின் கடிகாரம் சூரியனின் கடிகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மானோ, நிலா எங்கே இருந்தாலும் விடியலிலும் அந்தியிலும் எழுந்து நடக்கிற பிராணி. சூரியன் செய்கிற வேலைக்கு நிலா பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.

மான் அப்படித்தான் நடக்கிறது என்பதைக் கழுத்துப்பட்டைகள் காட்டிவிட்டன. மானைப் பிடித்து, ஜிபிஎஸ் பொருத்திய பட்டையைக் கட்டி விட்டுவிடுகிறார்கள். சில நிமிடங்களுக்கோ சில மணிக்கோ ஒரு முறை அது தன் இடத்தைப் பதிவு செய்யும். இரவும் பகலும், யாரும் பார்க்காத நேரத்திலும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கிய மான்-காடு ஆய்வில் நான் வேட்டையாடும் இதே மலைமுகட்டுக் காடுகளில் பட்டை கட்டினார்கள். தெற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்தன. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்கள்: ஒன்று விடியலில், ஒன்று அந்தியில். பௌர்ணமிக்கு ஒரு கோடும் அமாவாசைக்கு ஒரு கோடும் தனித்தனியாக வரைந்தாலும் திமில்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன. ஏதோ ஓர் ஆய்வில் சிறு வேறுபாடு தெரியும், அடுத்த ஆய்வில் அது இருக்காது. விடுப்பை மாற்றுகிற அளவுக்கு எதுவும் இல்லை.

வேட்டைக்காரனின் கண்ணுக்கும் பட்டைக்கும் என்ன வித்தியாசம்? நாம் அட்டவணை பச்சை காட்டும் நாளில் அதிகம் பேர் போகிறோம், அதிக நேரம் உட்காருகிறோம், அதனால் அதிக மான்களைப் பார்க்கிறோம். சிவப்பு நாளில் காட்டில் ஆளே இல்லை. யாரும் இல்லாத காட்டில் மான் நடந்ததா என்று யார் சொல்வது? பட்டை சொல்கிறது.

நிலா வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் எனக்கே தெரியாமல் இருந்த ஒன்று உண்டு. அரை நிலாவில் பௌர்ணமி வெளிச்சத்தில் பாதி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பத்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டில் ஒளி விழும்போது நிலாவின் மேடுபள்ளங்கள் எல்லாம் நிழல் போடுகின்றன. நேரே ஒளி விழும் பௌர்ணமியன்று அந்த நிழல்கள் மறைந்துவிடுகின்றன. ஆகவே 'பிரகாசமான இரவுகள்' என்று நாம் மாதத்தில் பாதியைச் சொன்னாலும், பளிச்சென்ற இரவுகள் நாலைந்துதான் வரும். மேகம் வந்தால் அதுவும் இல்லை.

மானுக்கு இந்த வெளிச்சம் வேண்டியதே இல்லை. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் போன ஒளியை இன்னொரு முறை திருப்பி அனுப்பும். வண்டி விளக்கில் மான் கண் மின்னுவது அதனால்தான். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல், நீலம் நம்மைவிடத் தெளிவு. அந்தி மயங்கும்போது மிஞ்சுவது நீல ஒளிதானே? நமக்கு இருட்டாகிவிட்ட நேரம் அதற்குப் பகலின் மிச்சம்.

நிலவொளியில் எலி போன்ற சிறு பிராணிகள் பல பதுங்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணை நம்பி வாழும் விலங்குகள் அப்படிப் பதுங்குவதில்லை. வெளிச்சம் வேட்டையாடுகிற விலங்குக்கு உதவுகிற அளவுக்குத் தப்பிக்கிற விலங்குக்கும் உதவுகிறது.

அடுத்தது இணைசேரும் பருவம், இங்கே 'ரட்' என்பார்கள். நிலாவை நம்புகிறவர்கள் இதில்தான் அதிகம் பிடிவாதமாக இருப்பார்கள், நானும் இருந்தேன். சம இரவு நாளான செப்டம்பர் 22, 23-க்குப் பிறகு வரும் இரண்டாவது பௌர்ணமிதான் ரட்டைத் தூண்டிவிடுகிறது என்ற கருத்தை சார்லஸ் அல்ஷைமரும் வெய்ன் லாரோஷும் முன்வைத்துப் பரப்பினார்கள். அல்ஷைமர் பல்லாண்டு மான்களோடு கழித்த புகைப்படக்காரர், அவருடைய கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த இரண்டாவது பௌர்ணமி சில ஆண்டுகளில் அக்டோபர் கடைசி வாரத்திலும், சில ஆண்டுகளில் நவம்பர் 20-ஐ ஒட்டியும் வரும். கிட்டத்தட்ட ஒரு மாத ஆட்டம். மானின் சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். ரட் ஒரு மாதம் ஆடினால் குட்டிகள் பிறப்பதும் மே கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் இடையில் ஆண்டுக்கு ஆண்டு ஆட வேண்டும். அப்படி ஆடுவதில்லை. சாலையில் அடிபட்டு இறந்த பெண் மான்களின் வயிற்றில் உள்ள கருவின் நீளத்தை அளந்து, கருத்தரித்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் அது எந்த ஆண்டும் நவம்பர் நடுவையே சுற்றி நிற்கிறது. தாமதமாகப் பிறக்கும் குட்டி பனிக்காலத்துக்குள் உடம்பு பிடிக்க முடியாமல் போகும். ஆகவே தாமதத்தை இயற்கை மன்னிப்பதில்லை.

தூண்டுகோல் பகலின் நீளம். பகல் குறையக் குறைய, இரவில் மூளையில் சுரக்கும் மெலட்டோனின் நீண்ட நேரம் சுரக்கிறது. அதைப் பின்தொடர்ந்து மற்ற ஹார்மோன்கள் எழுகின்றன. ரிச்சர்ட் காஸ் என்ற விஞ்ஞானி சிகா என்ற வகை மான்களைச் செயற்கை விளக்கின் கீழ் வைத்து, ஓர் ஆண்டின் ஒளி ஏற்ற இறக்கத்தை ஆறு மாதத்துக்குள் சுருக்கிக் காட்டினார். மான்கள் ஓர் ஆண்டில் இரு முறை கொம்பு உதிர்த்து இரு முறை வளர்த்தன. நிலா அங்கே எந்தப் பங்கும் வகிக்கவில்லை.

எனக்கு இன்னும் பிடித்த சான்று ஃப்ளோரிடா. அந்த ஒரே மாநிலத்தில், தெற்குக் கோடியில் ஜூலை ஆகஸ்டிலேயே ரட் தொடங்கிவிடும். வடமேற்கு மூலையில் ஜனவரி பிப்ரவரியில் நடக்கும். பென்சில்வேனியாவில் நவம்பர். எல்லா இடத்திலும் ஒரே நிலாதான் காய்கிறது.

குழப்பத்துக்கு ஒரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் மானின் சினைச்சுழற்சி ஏறத்தாழ 28 நாள், நிலாவின் சுழற்சி 29½ நாள். நவம்பரில் சினையாகாத பெண் மான் டிசம்பரில் மீண்டும் பருவத்துக்கு வரும். அப்போது நிலாவும் ஏறத்தாழ அதே பிறையில் இருக்கும். பார்க்கிறவனுக்கு இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றாமல் இருக்குமா?

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என் மனம் உண்மையாகவே மாறியது 2022 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. அன்றும் பௌர்ணமி, அதோடு முழுச் சந்திர கிரகணம். என் பழைய வழக்கப்படி வீட்டில் இருக்க வேண்டிய நாள். கிரகணத்தைப் பார்க்கத்தான் எழுந்தேன், எழுந்தது எழுந்தோம் என்று வில்லையும் எடுத்துக்கொண்டேன். நாலரைக்கு வண்டியை விட்டு இறங்கியபோது நிலா ஓர் ஓரத்தில் கடிபட ஆரம்பித்திருந்தது. பாதை பளிச்சென்று தெரிந்தது. நெற்றி விளக்கே தேவைப்படவில்லை. நடக்க நடக்க வெளிச்சம் யாரோ திரியை இறக்குவதுபோல் குறைந்துகொண்டே வந்தது. 5:17-க்கு முழுவதும் மூடிக்கொண்டது. பரணில் ஏறி, பாதுகாப்பு வாரை மரத்தில் பூட்டி உட்கார்ந்தபோது மேற்கே முகட்டின் மேல் செம்பு நிறத்தில் ஓர் உருண்டை, சுற்றிலும் அதுவரை தெரியாத நட்சத்திரங்கள். அந்த இருட்டில் எனக்குக் கீழே காய்ந்த இலைகளில் மான் நடக்கிற சத்தம் கேட்டது. வெளிச்சம் இருந்தபோதும் கேட்டது, போன பிறகும் கேட்டது. அதற்கு அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

சட்டப்படி வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கும். நிலா சிவப்பாகவே முகட்டுக்குப் பின்னால் இறங்கியது. ஏழே முக்கால் வாக்கில் ஒரு பெண் மான் வாலை ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டு ஓடிவந்தது. அதன் பின்னால் எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண், மூக்கைத் தரையில் வைத்து, உறுமிக்கொண்டு. அதன் பின்னால் இன்னொரு சின்ன ஆண். அறுபது கெஜத்துக்கு மேல் இருக்கும், என் வில்லுக்குத் தூரம். விட்டுவிட்டேன். பத்து மணிக்குள் அந்தச் சரிவில் நான் எண்ணிய மான்கள், அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் 'பச்சை' நாள்களில் ஒரே காலையில் எண்ணியவற்றைவிட அதிகம். அது பௌர்ணமியால் வந்த அதிகமும் இல்லை. நவம்பர் எட்டு என்பதால் வந்தது. நான் எத்தனை நவம்பர் எட்டுகளை வீட்டில் உட்கார்ந்து கழித்திருப்பேன் என்று எண்ணியபோது வயிற்றைப் பிசைந்தது.

அப்படியென்றால் எந்த நேரம்தான் முக்கியம்? என் அனுபவத்தில், முதலாவது, நீ அந்தப் பரணில் கடைசியாக உட்கார்ந்து எத்தனை நாள் ஆயின என்பது. சவுத் கரோலினாவில் பட்டை கட்டிய மான்களை வைத்துப் பார்த்ததில், ஒருவர் உட்கார்ந்துவிட்டுப் போன பரணின் சுற்றுப்புறத்தை மான்கள் மூன்று நாள்வரை பகலில் தவிர்த்தன. நான் நல்ல பரண் என்று கண்டுபிடித்துவிட்டால் தொடர்ந்து நான்கு நாள் அதிலேயே போய் ஏறுவேன். நான்காம் நாள் ஒன்றும் வராது. நிலா தேய்கிறது என்று எழுதிவைப்பேன். தேய்ந்தது அந்த இடம்.

இரண்டாவது காற்று. எந்தத் திசையிலிருந்து வருகிறது, நான் நடந்துபோகும் வழி என் வாடையை மான் படுக்கும் புதருக்கு எடுத்துப்போகிறதா என்பது. இதை நூறு பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

மூன்றாவது, ரட்டின் உச்சத்தில் பகல் முழுக்க உட்காருவது. நவம்பர் முதல் இரு வாரங்களில் ஆண் மான் உணவை மறந்து அலைகிறது. பதினோரு மணிக்கும் வரும், ஒரு மணிக்கும் வரும். பௌர்ணமியன்று நடுப்பகலில் மான் நடமாடும் என்று அடித்துச் சொல்வோர் உண்டு. அவர்கள் பார்த்தது பொய் இல்லை. நவம்பரில் எந்த நடுப்பகலிலும் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு வேட்டைக்குப் போகாதவர்களுக்கும் உதவுகிற ஒன்று. நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். மானுக்கு அது தெரியாது. நாம் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம் திடீரென்று இருட்டுக்குள் விழுகிறது, அதுவும் ரட்டின் நடுவில். 2022-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி அந்த வாரத்தில் மானும் வண்டியும் மோதுவது 16 சதவீதம் கூடுகிறது. நிலாவைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த வாரம் சாலையைப் பாருங்கள். ஒரு மான் கடந்தால் அதன் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2019 நவம்பர், பௌர்ணமிக்கு மறுநாள் மாலை. பௌர்ணமியை ஒட்டி வீட்டில் இருக்கும் வழக்கத்தை மீறிப் போன அபூர்வமான நாள். அதற்கு ஒரே காரணம், பருவம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. அந்தி சாயும் நேரத்தில் ஒரு பெண் மான் இருபது கெஜத்தில் வந்து நின்றது. அம்பை விட்ட கணத்தில் அது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. அம்பு பட வேண்டிய இடத்துக்குப் பின்னால் பட்டது. முதுகைக் கூன்போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போனது.

அம்பைப் போய்ப் பார்த்தால் தெரியும். நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி காத்திருந்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையும் பழுப்பும் கலந்து நாற்றமடித்தால் குடல். அப்போது எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது. அடிபட்ட மான் யாரும் துரத்தாவிட்டால் அருகிலேயே படுத்துவிடும், அங்கேயே உயிர் போகும். எழுப்பிவிட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதை எல்லாம் வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியவரும் சொல்லியிருந்தார். என் அம்பில் இருந்தது பச்சை.

கடுங்குளிர். இரவெல்லாம் விட்டாலும் இறைச்சி கெட்டிருக்காது. விடியும்வரை விட்டிருக்கலாம், விட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றரை மணி நேரம் பரணில் உட்கார்ந்திருந்தபோது கிழக்கு முகட்டுக்கு மேல் நிலா ஏறியது. காடு முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. தரையில் ஒவ்வொரு மரத்தின் நிழலும் கோடு போட்டதுபோல் விழுந்தது. இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே, தேடிவிடலாமே என்று இறங்கிவிட்டேன். நூறு கெஜம்கூடப் போகவில்லை, மலைலாரல் புதருக்குள் படுத்திருந்தது எழுந்து ஓடியது. நிலவில் அதன் வெள்ளை வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டு சரிவில் இறங்கி மறைந்ததைப் பார்த்தேன். மறுநாள் முழுவதும் பெரியவரும் நானும் தேடினோம். அதற்கு மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை. பெரியவர் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஓடைக்கரையில் குனிந்து குனிந்து இலைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

நிலா அன்றைக்கு அந்த மானின் நடையை ஒன்றும் மாற்றவில்லை. என் நடையை மாற்றியது. ஆறு ஆண்டுகள் என்னை வீட்டில் உட்கார வைத்ததும் அதுவே, உட்கார்ந்திருக்க வேண்டிய ஓர் இரவில் எழுந்து போக வைத்ததும் அதுவே. என் நோட்டுப் புத்தகத்தில் திதி எழுதும் பத்தியை இப்போது அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு நேரங்கள் எழுதுகிறேன்: அம்பு விட்ட நேரம், பரணிலிருந்து இறங்கிய நேரம்.

தம்பி, இவ்வளவையும் படித்துவிட்டு நீ விடுப்பை மாற்றினாலும் எனக்கு வருத்தமில்லை. மாற்றாவிட்டால், அஞ்சாம் தேதி காலை நாலரைக்கு உன் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். காற்று எப்படி என்று முந்தின இரவு பார்த்துச் சொல்கிறேன். வடமேற்கிலிருந்து வந்தால் ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பரண். போன வாரம் நான் அதில் ஏறவில்லை, உனக்காக விட்டுவைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வா, பன்னிரண்டு மணிக்கு இறங்கப்போவதில்லை.